ஏழாம் நம்பர் சாம்பிள்

மல்லேஸ்வரம், பெங்களூரு
8 ஜனவரி 2025

ரகுராம் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்திலிருந்து நீங்கள் பஸ்ஸில் போட்டுவிட்ட ஏழு சாம்பிள் பைகளும் எங்கள் காபி லேபுக்கு வந்துவிட்டன. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எதுவானாலும் எழுதிக்கொள்வோம் என்று ஆகஸ்டில் விவாகரத்து மனு கொடுத்த அன்று முடிவு செய்தோமே, அதன்படி எழுதுகிறேன்.

இரண்டாவது கையெழுத்துக்கு பிப்ரவரி 20, வியாழக்கிழமை, கோர்ட்டுக்கு வரச் சொல்கிறார் வக்கீல் சேஷகிரி. இருவரும் இருந்தால் அன்றே முடிந்துவிடுமாம்.

இனி காபி. ஆறு பைகள் அருமை. மூன்றாவதில் ஆரஞ்சுத் தோல் வாசனைகூட இருக்கிறது. ஏழாவதுதான் என்னைக் குடைகிறது. வறுக்கும்போதே எங்கள் லேப் உதவியாளர் ஜூலியா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், இது காப்பியா, ஊறுகாயா?" என்றாள். ஸ்பூனில் உறிஞ்சிப் பார்த்தேன். அழுகத் தொடங்கிய பலாச்சுளை. ஏழு பைகளிலும் "தொட்டியில் 36 மணி நேரம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது மட்டும் ஏன் கெட்டது? பன்னிரண்டு வருஷமாகக் காபி ருசி பார்க்கிறேன், கொட்டையைப் புளிக்கவைக்கும் ஒரு தொட்டியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. புளித்தது போதும் என்று எப்படித் தெரியும்? கடிகாரம் பார்த்தா, முகர்ந்தா?

இப்படிக்கு,
அதிதி

&nbsp;

சிக்மகளூர்
14 ஜனவரி 2025

அன்புள்ள அதிதி,

சங்கராந்தி வாழ்த்துகள். எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு "அவர்கள்" போட்டிருக்கிறாய். வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

பறித்த பழத்தை அன்று மாலையே மெஷினில் கொடுத்துத் தோலை உரிக்கிறோம். உள்ளே இருக்கும் கொட்டை நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும், கையில் நிற்காது. தொட்டியில் போட்டுவைத்தால் அந்தக் கொழகொழப்பு தானாகப் புளித்துக் கரையும். கடிகாரம் உதவாது. குளிரில் மெதுவாகும், வெயிலில் வேகமாகும். முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் போலக் கரகரவென்று சத்தம் வந்தால் உடனே தொட்டியைத் திறந்துவிட்டு, கழுவி, வெயிலில் காயப்போட வேண்டும். தாமதித்தால் புளிப்பு கொட்டைக்குள்ளேயே இறங்கிவிடும்.

இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியை நிரப்பியவர் கைதான் கடைசியிலும் உள்ளே போக வேண்டும். அவர் சொன்னால்தான் திறப்பார்கள். இந்த சீசன் எல்லாத் தொட்டியும் என் கை. பாங்க் வேலையை விட்டு வந்தவனுக்கு இவ்வளவு மரியாதை, பார்த்துக்கொள்.

ஏழாவது டிசம்பர் 20 அன்று போட்டது. அந்த வாரம் கடும் குளிர். அதனால்தான் இருக்கும்.

ரகு

&nbsp;

மல்லேஸ்வரம்
20 ஜனவரி 2025

ரகு,

"அவர்கள்" எடுத்தாயிற்று. திருப்தியா?

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தொட்டிக்குள் கை விட்டால் சூடாக இருக்குமா, குளிருமா? அதை எழுதவில்லையே. இருக்கட்டும், என் சந்தேகம் வேறு. டிசம்பரில் என் தோசை மாவு பொங்க ஒரு நாள் முழுக்க ஆகிறது. குளிரில் மெதுவாகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் காபி இன்னும் பதமாக அல்லவா வந்திருக்க வேண்டும்? குளிரிலும் இப்படிக் கெட்டிருக்கிறது என்றால் அது 36 மணி நேரத்துக்கு வெகுநேரம் மேலே கிடந்திருக்கிறது என்கிறது என் நாக்கு. மற்ற ஆறு பைகளைக் குடித்தவள் நான், உங்கள் கை தவறாது என்று தெரியும். ஆகவே கை அங்கே இல்லை.

எங்கே போயிருந்தீர்கள்? உடம்புக்கு ஏதாவதா? கோபமாகக் கேட்கவில்லை, தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நீங்கள் பாங்கில் ராஜினாமா கொடுத்துப் பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வேலையை விட்டதைவிட அந்தப் பத்து நாள்தான் என்னை நோகடித்தது. இதையாவது மறைக்காமல் சொல்லுங்கள்.

அதிதி

&nbsp;

சிக்மகளூர்
27 ஜனவரி 2025

அன்புள்ள அதிதி,

தொட்டி வெதுவெதுப்பாக இருக்கும். 36 என்று எழுதியது பொய். நாற்பத்தெட்டு தாண்டிவிட்டது.

வெள்ளி சாயங்காலம் நிரப்பினேன். சனி மதியம் கை விட்டுப் பார்த்தேன், நன்றாக வழுக்கியது. ஞாயிறு விடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று பெங்களூரு பஸ் ஏறினேன். நம் வீட்டுக்குத்தான் வந்தேன். மாலை ஆறு மணி இருக்கும். கையெழுத்துப் போட வேண்டாம் அதிதி என்று நேரில் சொல்லத்தான் வந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது, குக்கர் விசில்கூடக் கேட்டது. மூன்று தடவை பெல் அழுத்தினேன். நீ வரவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அன்று திரும்பிப் போக மனசே வரவில்லை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்துவிட்டு மறுநாள் வெகு தாமதமாகக் கிளம்பினேன். சாயங்காலம் தோட்டத்து கேட்டில் இறங்கியதும் நாற்றம் அடித்தது. மேஸ்திரி காந்தா தொட்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நீங்க கை வெக்காம நாங்க எப்படி சார் தொறக்கறது?" என்றார். பாவம், அவரை என்ன சொல்வது.

உன் மனசு எனக்குத் தெரிந்துவிட்டது. 20ஆம் தேதி வந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ரகு

&nbsp;

மல்லேஸ்வரம்
1 பிப்ரவரி 2025

அன்புள்ள ரகு,

பெல் நவராத்திரியிலிருந்தே வேலை செய்யவில்லை.

பால்காரர் கேட்டில் நின்று "அம்மாவ்ரே" என்று கத்துகிறார். ஜூலியா வந்தால் கதவை உடைக்கிற மாதிரி இடிப்பாள். இனி யார் வரப்போகிறார்கள் என்று நானும் அதைச் சரிசெய்யாமல் விட்டேன். மூன்று தடவை அழுத்திய மனுஷன் ஒரு தடவை தட்டியிருக்கக் கூடாதா? கடிதத்தைப் படித்துவிட்டு லேபிலேயே அழுதேன். பிறகு உங்கள் மேல் அப்படியொரு கோபம் வந்தது.

ஏழாம் நம்பருக்குப் போட்ட மார்க்கை மாற்ற மாட்டேன். கெட்ட காபி கெட்ட காபிதான். உங்கள் முதலாளியிடம் நாற்பத்தெட்டு என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். மிச்சமிருந்த பொடியைக் கொட்ட மனசு வராமல் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறேன். அது எதற்கு என்று கேட்காதீர்கள்.

20ஆம் தேதி நான் வரவில்லை என்று சேஷகிரியிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களிடம் கேட்க வேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது. எட்டாம் தேதி சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். பெல்லை இன்னும் சரிசெய்யவில்லை, தட்டுங்கள்.

கிளம்பும்போது தொட்டியைக் காந்தாவிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். அவர் கை விட்டுப் பார்த்து அவரே திறக்கட்டும். நீங்கள் அவசரமாகத் திரும்பிப் போக வேண்டாம்.

அதிதி