ஓடாத ஏழு மீட்டர்

என் செல்ல அம்முவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் எங்கள் கூட்டணியில் சேர மறுக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? போனில் புத்தி சொல்ல ஆரம்பித்தால் சரியாக இரண்டாவது நிமிடத்தில் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை பார்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வாடகைக்கு விடுவதற்காக நீ வாங்கப்போகும் அந்த மூன்றாம் மாடி வீட்டை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டோம். புரோக்கரிடம் எல்லாம் பேசியாகிவிட்டது, பத்தாம் தேதி முன்பணம் கட்டப்போகிறேன், நீ போய் எதையும் கிளறாதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால்தான் வாங்குகிறவளின் அம்மாவாகப் போகாமல், வாடகைக்கு வீடு தேடுகிறவளாகப் போனேன். வாங்க வருகிறவர்கள் சுவரின் பெயிண்டைப் பார்ப்பார்கள், குடியிருக்க வருகிறவர்கள்தான் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். திறந்தேன். காற்று வந்தது. மேல் மாடிகளுக்குக் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணி ஏறும், சீக்கிரம் எழுந்துக்கிற ஆளுங்களுக்கு ரொம்பத் தோதான வீடும்மா என்றார் புரோக்கர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, திறமைசாலிதான்.

அவர் லிப்ட் சாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டர் பலகையைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் வீடு வீடாக மின் கணக்கெடுத்தவளுக்குக் கண் வேறெங்கே போகும்? ஆள் இருக்கிற வீடு என்றால் பிரிட்ஜாவது ஓடும், மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மீட்டரில் ஐந்துதான் சிமிட்டின. ஏழு மீட்டர் செத்துக் கிடந்தது, இரண்டில் ஒட்டடை வேறு. இது ஒன்றைத் தவிர மற்ற எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது, வாடகைக்குக் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள் என்றுதானே உன்னிடம் சொன்னார். வரிசையில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், அதிலும் ஒருவருக்கு முழங்கால் வலி.

இதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டு ஓனர் யார் என்று சும்மா கேட்டு வைத்தேன். ஒரு பொண்ணு வாங்கப்போகுதும்மா, வெளிநாட்டுல இருக்கு, ரொம்ப அப்பாவி, போட்டோவைப் பார்த்தே சரின்னுடுச்சு, வாடகையை நீங்க எவ்வளவு குறைச்சாலும் அதுக்குத் தெரியப்போறதில்லை என்றார். அதுவரை வாயைத் திறக்காமல் நின்ற உன் அப்பா, அவ ஒண்ணும் அப்பாவி இல்லீங்க என்று சொல்லிவிட்டார். காலை மிதித்தேன், நல்ல காலைத்தான். இவருக்கு யார் வீட்டுப் பொண்ணைப் பத்திப் பேசினாலும் எங்க பொண்ணு ஞாபகம்தான் என்று சமாளித்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லையே.

ஏழு வருடம் நீ ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்டு பார்த்துச் சேர்த்த காசு அம்மு. வீடே வாங்காதே என்று நான் சொல்லவில்லை, வாங்கு. ஆனால் எந்த வீடானாலும் சாயங்காலம் மனிதர்கள் வேலை விட்டுத் திரும்பும் நேரத்தில் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல், விளக்கு எத்தனை ஜன்னலில் எரிகிறது என்று. கீழே துணி தேய்க்கிறவரிடம் விசாரி, யார் எப்போது காலி செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. வருடத்தில் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும், ஒரு மோட்டார் போகும் என்று முன்கூட்டியே கழித்துவிட்டு, மிச்சம் கட்டுப்படியாகுமா என்று பார். அப்புறம், குடிவருகிறவரின் முகத்தைப் பார்த்து மயங்காதே, முன்பு இருந்த வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை கேள். சாவி கொடுக்குமுன் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்துக்கொள், திரும்ப வாங்கும்போது மாட்டியிருக்கும் காலண்டரையும் தூக்கிப் பார். நீ சுவரில் வரைந்த யானையைக் காலண்டரால் மறைத்துத்தானே நாம் அந்தப் பழைய வீட்டைக் காலி செய்தோம். பாவம் அந்த ஓனர், நல்ல மனிதர்.

புரோக்கர் இப்போது தினமும் எனக்குப் போன் செய்கிறார். இதுவரை மூன்று முறை வாடகையைக் குறைத்தாயிற்று, உனக்கு எழுதிக் கொடுத்ததில் பாதிக்கு வந்து நிற்கிறது. வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. டிவி பார்த்துக்கொண்டே இருக்கிறவர் திடீரென்று, அப்பாவின்னு சொல்லிட்டானே என்கிறார்.

அதனால் பத்தாம் தேதி அந்த ஆளுக்கு நீ போன் செய். பணம் கட்ட இல்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஆறு மாத மின் கட்டண ரசீதை அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம் என்று மரியாதையாகச் சொல். அப்போது எங்களையும் லைனில் சேர்த்துக்கொள், மூச்சுக் காட்டமாட்டோம். அவர் பேச்சு வராமல் திணறுவதை உன் அப்பா தன் காதால் கேட்க வேண்டும்.

எல்லா நலமும் பெற்று நன்றாக இரு கண்ணு. சிக்னலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்குக் குடிவர இன்னும் சம்மதிக்காத
அம்மா