திரும்பாத மூணு பெல்

ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
பௌர்ணமிக்கு மறுநாள்

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அம்மா யசோதா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி இனியனும் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை கூசுகிறது. பெற்ற பெண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்து, அவள் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு விஷயம் தெரிந்துகொண்ட அம்மா எந்த முகத்தோடு சுகமா என்று கேட்பாள்? ஆனாலும் கேட்கிறேன். தையல் ஆறிவிட்டதா? இருமும்போது வலிக்கிறதா? இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள், நர்ஸுக்கே நர்ஸ் வேலை சொல்கிறாளே என்று சிரிக்காதே. மாப்பிள்ளை பிரசாந்த் கஞ்சியாவது வைக்கக் கற்றுக்கொண்டாரா? ஞாயிற்றுக்கிழமை இனியன் போனில் முகம் பார்த்துப் பேசினபோது பரவால்ல விடும்மா என்று இரண்டு தரம் சொன்னாய். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உன் பரவாயில்லை எனக்குத் தெரியாதா, பள்ளிக்கூடத்து டூருக்கு அனுப்பாதபோதும் பரவால்ல என்றுதான் சொன்னாய், அதை நீ இன்று வரை மறக்கவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். இனியன் இதைப் போட்டோ பிடித்து ஒரு நிமிடத்தில் அனுப்புகிறேன் என்றான். அவன் படிக்கக் கூடாதது இதில் இருக்கிறது, தபாலிலேயே வரட்டும். போன் கதை முக்கால்வாசி உனக்குத் தெரியும். மீதிக் கால்வாசியை நான் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட.

எங்கள் மூன்று பேருக்கும் மூன்று கம்பெனி சிம் இருந்தது உனக்கே தெரியும். அப்பாவுக்கு சர்க்கார் சிம், எனக்கு மயூரா, தம்பிக்கு தாரா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் உயிரை விடும். இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்கிறான்கள், இவன்கள் வீட்டுக் காலண்டரில் பிப்ரவரியைத் தவிர வேறு மாதமே கிடையாது போல. எனக்கு நெட் வேண்டாம், பட்டன் போனில் நெட்டை வைத்துக்கொண்டு நான் இன்னா செய்வது, ஆனால் நெட் இல்லாத பிளானே இல்லை என்கிறான். இனியனுக்கோ மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூர் போய்ச் சேரும் வரை படம் ஓட வேண்டும். அப்பாவுக்குப் பழைய கால்பந்து மேட்ச். இதையெல்லாம் ஒரே பிளானில் போட்டால் மலிவு என்று யாரோ சொன்னதை அன்றைக்கு உன்னிடம் சொல்லித் தொலைத்தேன். நீ உடனே, கடை கடையா ஏன் அலையறீங்க, நான் இங்கேருந்தே நல்ல ஃபேமிலி பிளானா பாத்து மாசாமாசம் கட்டிடறேன், உனக்கு இதெல்லாம் புரியாதும்மா என்றாய். நீ ஆசையாகத்தான் சொன்னாய். எனக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. ஓகோ, இனிமே உன் காசுலதான் நாங்க வாயத் திறக்கணுமா, கடல் தாண்டினதும் பெரிய மனுஷி ஆயிட்டியா என்று கத்திவிட்டு போனை வைத்தேன். வைத்த மறு நிமிடமே தப்பு என்று தெரிந்தது. தெரிந்து இன்னா, என் வாய்க்கு வேகம் ஜாஸ்தி, காலுக்கு வேகம் கம்மி, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க வராது.

உனக்குப் புரியாது என்று நீ சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு கடையில் நாலு பேருக்குக் குறைந்தால் பிளான் இல்லை என்றான், நாலாவது ஆளுக்கு எங்கே போவது, பக்கத்து வீட்டுப் பூனைக்கு சிம் வாங்குவதா? இன்னொரு கடையில் சினிமா ஆப் பன்னிரண்டு இலவசம் என்றான், அப்பா காலையில் ஒன்று மாலையில் ஒன்று மாத்திரை மாதிரிப் பார்க்கலாம் என்றார். கடைசியில் மார்க்கெட் பக்கம் லாய்ட் என்று ஒரு பையன், சின்னக் கடை, மரியாதையாகப் பேசினான். மயூரா கம்பெனியில் மூன்று நம்பருக்கு ஒரே பில், நெட்டு பொது, நம்பர் மாறாது, மாதம் முப்பது நாள் முப்பது நாளாகவே இருக்கும். தனித்தனியாகப் போடுவதைவிட நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். என் பேரில் எடுத்தான், என்னை பிரைமரி மெம்பர் என்றான். நான் எட்டாவது ஃபெயில், எனக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்ததும் தலை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. இதை உன்னிடம் சொல்லிக் காட்ட வேண்டும் என்றுதான் மனசு துடித்தது.

நம் பக்கத்து கங்கம்மா அக்காவைப் போனில் ஏமாற்றிக் காசைப் பிடுங்கியவன் வெளிநாட்டு நம்பரிலிருந்துதான் பேசினான், அந்தப் பயம் நம் லைன் வீடுகளில் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த மாதிரி கால் வராமல் செய்ய முடியுமா என்று லாய்டைக் கேட்டேன். மொத்தமா கட் பண்ணிடலாம் ஆன்ட்டி, மூணு நம்பருக்கும், ஆனா ஃபாரின்ல உங்களுக்கு யார்னா கீறாங்களா என்று கேட்டான். அப்பா அப்போது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், எங்களுக்கு யாருப்பா ஃபாரின்ல, ஒருத்தரும் இல்ல, நீ கட் பண்ணு என்று.

இதுதான் நான் சொல்லாத கால்வாசி. அப்பாவிடமும் தம்பியிடமும், ஃபாரின் என்றதும் திருட்டுப் பசங்கதான் ஞாபகத்துக்கு வந்தான்கள், நம்ம வெண்ணிலா எப்படி ஃபாரின் ஆவா, அது எனக்குத் தோணவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் நம்பிவிட்டார்கள். அதில் உண்மையும் இருக்கிறது, நீ அயர்லாந்தில் லிமரிக்கில் இருக்கிறாய் என்று எனக்கு எப்போதுமே தோன்றியதில்லை, ஏதோ ஷிஃப்ட் முடிந்து வரப் போகிறவள் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒருத்தரும் இல்ல என்று சொன்னபோது வாயில் ஒரு கசப்பு வந்தது, வெண்ணிலா. சும்மா மறந்து சொல்கிறவளுக்குக் கசப்பு வருமா? மறந்து சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் வரவில்லை. வராததே பதில் என்று பயமாக இருக்கிறது.

அப்புறம் தினமும் நீ டியூட்டி முடிந்து கொடுக்கிற ஒரு ரிங் வரவில்லை. அவளுக்கு வீம்பு, நானும் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த ரிங் வழக்கம் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்பா தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் வாயில் நின்று பெல் அடித்த கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், நீ ஹாஸ்டலுக்குப் போனபோது அதை போனுக்குக் கொண்டுவந்தாய். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தாச்சு. இரண்டு ரிங் என்றால் கூப்பிடு. மூன்று ரிங் என்றால் சுரங்கத்துக்குள் இறங்குகிற கேஜில் ஆள் ஏறியாச்சு, பார்த்து இறக்கு. பரீட்சை ஹாலுக்குள் போகுமுன் மூன்று கொடுத்தாய், ஏரோப்ளேனில் பெல்ட் போட்டுக்கொண்டு மூன்று கொடுத்தாய். நாங்களும் மூன்று திருப்பிக் கொடுத்தோம். கேஜை இழுக்கிற இன்ஜின் ரூமிலிருந்து அதே மூணு பெல் திரும்பி வந்தால்தான் கேஜ் அசையும், அதுதான் மைன்ஸ் சட்டம், அதுதான் நம் வீட்டுச் சட்டமும்.

வயிற்று வலியில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் நம்பருக்கு மூன்று ரிங் கொடுக்கப் பார்த்தாயாம், ரிங்கே போகாமல் பிஸி டோன் வந்ததாம், அப்பா நம்பரும் அப்படியேயாம், அம்மா இன்னும் கோவத்துல கட் பண்றாங்க என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாயாம். நீ இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். வெளியூர் போயிருந்த மாப்பிள்ளை ஓடி வந்து, வீட்டுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டதற்கு, சொல்லிட்டேன் என்று பொய் வேறு சொல்லியிருக்கிறாய். வீம்பில் நீ என் வயிற்றில் பிறந்தவள்தான், சந்தேகமே இல்லை. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்து அவர் நம் இனியனுக்கு, இன்னிக்கு அக்கா மாடிப்படி ஏறினா என்று மெசேஜ் போட, இவன் ரயிலில் உட்கார்ந்து, மாடி ஏறினதுல இன்னா மாமா பெருமை என்று கேட்டிருக்கிறான். அப்படித்தான் விஷயம் ஸ்கெலட்டனுக்கு வந்து சேர்ந்தது.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூணு பெல்லா அடிச்சா என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன். பெல் திரும்பாம நான் ஒரு ஆளைக்கூட இறக்கினது இல்ல யசோதா என்றார். அவ்வளவுதான். அப்புறம் அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை, மேட்ச் பார்க்கவும் இல்லை. அந்த ஆளிடம் உண்மைக் கால்வாசியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன், அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே சொல்.

மறுநாளே லாய்ட் கடைக்கு ஓடினேன். ஏம்ப்பா, என் மக கால் கூடவா கட் பண்ணுவே என்று சண்டைக்கே போனேன். அவன் பாவம், நீங்கதானே ஆன்ட்டி யாரும் இல்லன்னு சொன்னீங்க என்றான். பக்கத்தில் ரீசார்ஜுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவன் உடனே எடுத்துவிட்டான், இனி எந்த தேசத்திலிருந்தும் கால் வரும் என்றான். திருட்டுப் பசங்களும் வரட்டும், எடுக்காமல் இருந்தால் போச்சு. பிளான் விஷயத்திலும் நீ சொன்னது சரி, எனக்குப் புரியவில்லை. பொது நெட்டை அப்பாவும் தம்பியும் பாதி மாதத்திலேயே காலி செய்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீயே அங்கிருந்து ஒரு பிளான் பார்த்துச் சொல், சொல்கிற இடத்தில் கைநாட்டு வைக்கிறேன். காசு கட்டுகிறேன் என்றாலும் இந்தத் தடவை கத்த மாட்டேன்.

நேற்று விஹாரில் உன் பேரில் விளக்கு வைத்தேன். புத்தர் கருணையால் உன் உடம்பு பழையபடி தேறட்டும், நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள் என்று சீக்கிரம் டியூட்டிக்கு ஓடாதே, நோயாளியைத் தூக்காதே, தண்ணீர் நிறையக் குடி. இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு மூன்று ரிங் கொடு. நீ எங்கேயும் ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம், சும்மா கொடு. கோபம் இன்னும் தீரவில்லை என்றால் தீர்ந்த பிறகு கொடு, நான் போனை மடியிலேயே வைத்திருக்கிறேன்.

ஃபாரினில் ஒருத்தி இருக்கிறவள்,
உன் அம்மா
யசோதா

பி.கு. அப்பாவை நாலு வரி எழுதச் சொன்னேன். எனக்கு இன்னா எழுத வரும் என்று பேனாவை வாங்கி, இதோ கீழே மூன்று கோடு மட்டும் போட்டுக் கொடுத்தார்.

| | |