வியன்னாவில் என் மூஞ்சி

என் தனசேகர் மாமாவுக்கு,

போன இடத்தில் ஜன்னலோர சீட்டு கிடைத்ததா? கிடைத்திருக்கும். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே தொற்றி ஏறி, கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிற ஆள் நீ. எமன் வந்து கூப்பிட்டபோதும் "ஜன்னல் பக்கம்னா வர்றேன்" என்றுதான் சொல்லியிருப்பாய்.

நான் வியன்னாவுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன் மாமா. ஓடாதே, உட்கார். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஏன் இப்படி மிரட்டுகிறேன் என்று படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும், அதனால் உன் கதையை உனக்கே முதலிலிருந்து சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் நீ ஃபிட்டர். தினமும் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போய் வந்தாய். நம் பெண் நித்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கம்பெனி வியன்னாவிலிருந்து ஒரு மெஷின் வாங்கியது. அதைக் கழற்றி மாட்டப் பழகிக்கொண்டு வா என்று உன்னை ஒரு வாரம் அங்கே அனுப்பினார்கள். அந்த ஒரு வாரத்தை நீ சாகிற வரைக்கும் பேசினாய். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் அரண்மனை, சர்ச்சு, மியூசியம், சிலைதான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் படம். நீ திரும்பி வந்த அன்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "இன்னா மாமா, அந்த ஊரு பொம்பளைங்களப் பாத்துக்கினு என்னை மறந்துட்டியா?" என்று கேட்டேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்கடி மறக்கறது? அங்க மியூசியத்துல மாடி மேல ஒரு படம் மாட்டிக்கீறாங்க. அப்படியே உன் மூஞ்சி. ராணி மாதிரி கீற" என்றாய். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று ராத்திரி உனக்கு இறால் தொக்கு வேறு வைத்துக் கொடுத்தேன்.

நீ படத்தைப் பற்றிச் சொன்ன நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவளுக்கு உன் பேச்சில் எதையும் நம்பிப் பழக்கமில்லை. "அந்த ஊர்ல ராத்திரி ஒம்போது மணிக்கும் வெயிலு அடிக்கும்" என்று நீ சொன்னபோது, "அண்ணே, டூப்பு வுடறதுக்கும் ஒரு அளவு வேணும்" என்றாள். படத்தைக் கேட்டதும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா, உன் மூஞ்சி வியன்னால இன்னா பண்ணுது? பாஸ்போர்ட் எடுத்துக்கினு போச்சா?" அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் ரேஷன் கடையிலும் நான் உனக்காகச் சண்டை போட்டேன். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை.

இப்போது நித்யா அதே ஊரில் நர்ஸ். நீ சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பாஷையைப் படித்தாள், அங்கேயே போய்ச் சேர்ந்தாள். நீ போய் மூன்றாம் வருஷம், "அம்மா, கொஞ்ச நாள் வந்து இரு" என்று டிக்கெட் அனுப்பினாள். நான் பெட்டி கட்டும்போது ஸ்டெல்லா வாசலில் நின்று ஒரே வார்த்தை சொன்னாள். "போட்டோ எடுத்துக்கினு வா. இல்லாங்காட்டி அண்ணன் சொன்னது மொத்தமும் பொய்யின்னு ஒத்துக்கோ."

ஆக, நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை மாமா. உன் பேரைக் காப்பாற்ற.

உண்மையைச் சொல்கிறேன், வெளியே நின்று பார்த்தவரைக்கும் நீ சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. பெரிய சர்ச்சின் கூரை பாய் பின்னின மாதிரி இருக்கும் என்றாய். அப்படியே இருந்தது, கோரைப்பாய்க்கு வண்ணம் அடித்தது போல. ரெண்டு மியூசியம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி எதிரும் புதிரும் நிற்கும், ரெண்டும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ராணி சிலையாக உட்கார்ந்திருப்பாள் என்றாய். ராணி நீ சொன்ன மாதிரியே உட்கார்ந்திருந்தாள். நடுரோட்டில் நின்று நான் கை தட்டிவிட்டேன். நித்யாதான் "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று கையைப் பிடித்து இறக்கினாள்.

உள்ளே போகலாம் என்றதும்தான் அவள் ஒரு மாதிரி ஆனாள். "படி ஜாஸ்திமா, முட்டி வலிக்கும்" என்றாள். முட்டி நன்றாக இருக்கிறது என்றேன். "உள்ள ஒண்ணும் இல்லமா, வெளியதான் அழகு" என்றாள். இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டிவிட்டு உள்ளே ஒன்றும் வைக்காமலா விடுவார்கள்? பெற்ற பெண் என்னிடம் எதையோ மறைக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. யாரையாவது காதலிக்கிறாளோ, பையன் அங்கே டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருக்கிறானோ என்றுகூட நினைத்தேன்.

முதலில் அரண்மனைக்குள் போனோம். ராணி தன் கையாலேயே ஊறுகாய் போடுவாள், ஆள் உயரத்துக்கு வெள்ளை ஜாடி வைத்திருப்பாள் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? முதல் அறையிலேயே மூலையில் பெரிய வெள்ளைப் பீங்கான் நின்றது, தங்க வேலைப்பாட்டோடு. "இதோ பாருடி, நைனா சொன்ன ஜாடி!" என்று கத்தினேன். "அது குளிருக்கு நெருப்பு போடற அடுப்புமா" என்றாள் அவள். அடுத்த அறையிலும் அடுப்பு. அதற்கடுத்த அறையிலும் அடுப்பு. ஊறுகாய் வாசனையே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் மியூசியம். நம் பெண் செய்த வேலையைக் கேள். இரட்டைக் கட்டடத்தில் ஒன்றில்தான் படம், மற்றதில் கல்லும் மண்ணும் செத்த மிருகமும். அவள் வேண்டுமென்றே இரண்டாவதுக்குக் கூட்டிப் போய்விட்டாள். பஞ்சடைத்த கரடி, எலும்புக்கூடு, வானத்திலிருந்து விழுந்த கல் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் நான் என் படத்தைத் தேடினேன். ஒரு கண்ணாடிப் பெட்டியில் கைக்குள் அடங்குகிற மாதிரி குண்டாக ஒரு பொம்பளை பொம்மை. ரொம்பப் பழசாம், அதைப் பார்க்க அவ்வளவு கூட்டம். "ஒருவேள நைனா இததான் சொன்னாரோ?" என்று நித்யா மெதுவாகக் கேட்டாள். "அடிப்பாவி, இதுக்கு மூஞ்சே இல்லியேடி! தலை முழுக்க சுருட்ட முடிதான் கீது" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

அடுத்த நாள் நான் அவள் சொல்லைக் கேட்கவில்லை. நேராக எதிர்க் கட்டடத்துக்குள் போய்விட்டேன். மாடிப்படியே நம் திருவள்ளூர் கோயில் குளத்துப் படி அகலம். மேலே போனால் அறை அறையாகப் படம். பார்த்துக்கொண்டே போனேன். எல்லாரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. சின்னப் பெண் குழந்தைக்குக் குடை மாதிரி பாவாடை. ஒருத்தியும் என்னைப் போல இல்லை. நித்யா பின்னாலேயே வந்தாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் அங்கே நின்ற காவலாளியிடமே போனேன். நல்ல உயரம், தாத்தா மீசை. எனக்கு அவர் பாஷை தெரியாது. என் மூஞ்சியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். சுவரைக் காட்டினேன். மறுபடி மூஞ்சி, மறுபடி சுவர். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது மாமா! முகமெல்லாம் சிரிப்பாகி, "வாங்க வாங்க" என்கிற மாதிரி கையைக் காட்டி முன்னால் நடந்தார். முந்தானையைச் சரி செய்துகொண்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னையே பார்க்கப் போகிறேன் அல்லவா?

அவர் ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தி, பெருமையாகக் காட்டினார்.

காய்கறி மாமா. மொத்தமும் காய்கறி. ஒரு மனுஷத் தலை, ஆனால் மூக்கு வெள்ளரிக்காய், காது மக்காச்சோளம், பல் பச்சைப்பட்டாணி, தலை முழுக்கப் பழமும் காயும். கோயம்பேட்டு மார்க்கெட்டை ஒரு கூடையில் கொட்டி அதற்கு உயிர் கொடுத்த மாதிரி. நான் அதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

நித்யா அங்கே இருந்த சோபாவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். அழுகையோடுதான் சொன்னாள். "நைனா இங்க உள்ளயே வர்லமா. அவருக்கு ஃபேக்டரி ஊருக்கு வெளிய. வேல முடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆறு மணிக்கு எல்லாத்தையும் மூடிடுவாங்க. ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறப்ப எங்கிட்ட சொன்னாரு. உங்கம்மாவ எங்க வேணா கூட்டிக்கினு போ, அந்த மியூசியம் மட்டும் வேணான்னாரு."

சாகிற நேரத்தில் மனுஷன் சொல்லிவிட்டுப் போக எத்தனையோ இருக்கும். நீ இதைச் சொல்லியிருக்கிறாய்!

எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப வந்தது. எத்தனை வருஷம் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்! உனக்காக ஸ்டெல்லாவோடு ஒரு பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்தேன். அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்து உன்னைத் திட்டினேன், சத்தமாகவே. காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அன்று சாயந்திரம் நித்யா என்னை டிராமில் ஏற்றினாள். "நைனா பாத்தத நீயும் பாரு" என்றாள். அந்த டிராம் நகரத்தைச் சுற்றி வருகிற சாலையில் ஓடுகிறது. உன் காலத்தில் ஒரே வண்டி முழு வட்டம் சுற்றுமாம், இப்போது நடுவில் மாற வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் நீ அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருப்பாயாம். "ஒவ்வொரு பில்டிங்கும் வர்றப்ப, கஸ்தூரி இதப் பாத்தா இன்னா கேப்பான்னு நெனச்சுப்பாராம்மா. அதுக்கு பதில் யோசிக்கறதுக்குள்ள அடுத்த பில்டிங் வந்துடுமாம்" என்றாள்.

ஊறுகாய் எங்கே வைப்பார்கள் என்று கேட்டது நான்தானே மாமா? தெரியாது என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே எல்லாக் கட்டடமும் மூடிக் கிடந்தது, ஆனாலும் வெளிச்சம் போகவில்லை. நித்யா போனை நீட்டி மணியைக் காட்டினாள். ஒன்பதை நெருங்கியிருந்தது. மேற்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவே சிரித்த வெயில் உண்மை, நான் வாய் பிளந்து கேட்ட ஊறுகாயும் படமும் பொய். உன்னை என்னதான் செய்வது?

ஊருக்கு வந்து இறங்கிய அன்றே ஸ்டெல்லா இட்லியோடு வந்துவிட்டாள். விமானத்தில் ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தேன், உள்ளே போட்டோ எடுக்க விடவில்லை என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள். மியூசியத்தில் நித்யா என் போனில் எடுத்து வைத்திருந்த அந்தக் காய்கறிப் படத்தில் வந்து விரல் நின்றது.

"இதாக்கா?"

அவள் போனை என் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அட ஆமாக்கா. மூக்கு அப்படியே உன்னுதுதான். அந்தத் தாடையும்" என்றாள். "நான்தான் அண்ணனப் போயி இத்தினி வருஷமா..."

எழுந்து உன் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "அண்ணே, மன்னிச்சுக்கோ. நீ சொன்னது நெசம்தான்" என்றாள். நீ மாலைக்கு உள்ளே அந்தத் திருட்டுச் சிரிப்போடு இருந்தாய். உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். காய்காரர் வெள்ளரிக்காயை நீட்டிவிட்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். உன் மானத்தைக் காப்பாற்ற என் மூஞ்சியைக் கொடுத்துவிட்டேன் மாமா. திருப்திதானே? இதைப் படிக்கிற யாராவது செவ்வாப்பேட்டைப் பக்கம் வந்தால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஸ்டெல்லாவிடம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

நான் அங்கே வந்ததும் உள்ளே பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உனக்குச் சொல்கிறேன். எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் கேள், எனக்குத் தெரியாது என்று ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன். நடுவில் கொஞ்சம் பொய்யும் வரும். நான் நம்பின மாதிரியே நீயும் நம்பிக்கொள்.

என்றைக்கும் உன் மாமன் மகள்,
வெள்ளரிக்காய் மூக்குக்காரி கஸ்தூரி