ஒன்று விழுந்தால் காய் இறங்கும்

மட்டாஞ்சேரி
16.8.2005

அன்பு மகன் அனீஷுக்கு அம்மா எழுதுவது,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, பகலில் உட்கார்ந்தால் விஜி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அண்ணனுக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறாள். இங்கே நாங்கள் மூவரும் சுகம். புனேயில் உனக்குச் சளி விட்டதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் இந்த வீட்டில் எப்போதும் பேச்சு. மழை இன்னும் விடவில்லை, துணி காய்வதில்லை. அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் தேவரா பக்கம் வேலை மாற்றிவிட்டார்கள், காலையில் சாயாகூடச் சரியாகக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடுகிறார்.

மூன்று வாரமாக உன் போன் இல்லை. பரீட்சையாக இருக்கும் என்கிறார் அப்பா, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் லூடோ ஆடியபோது, ஒன்று விழுந்ததும் நீ காயை இறக்கப் போனதையும் அது இறங்காமல் எல்லாரும் சிரித்ததையும் கடைசியாகப் பேசியபோது சொன்னாய். ஆறு விழுந்தாத்தான் இறங்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நீ சொல்லித் தந்ததெல்லாம் இப்படித்தாம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். விளையாட்டுக்குச் சொன்னாயோ என்னவோ, அந்த எல்லாம் என்ற வார்த்தை எனக்குள்ளேயே கிடக்கிறது.

நடந்தது இதுதான். உனக்கு ஐந்து வயதில் அப்பா பஜாரிலிருந்து அந்த லூடோ அட்டையை வாங்கி வந்தார், கூட இருந்த விதித்தாளை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தரையில் கட்டம் போட்டுத் தாயம் ஆடி வளர்ந்தவள், இதுவும் அதுதானே என்று நினைத்தேன். ஒன்று விழுந்தால் காய் இறங்கும், எதிரி காய் ஒன்றையாவது வெட்டாமல் பழமாக முடியாது என்று தாயத்தின் சட்டத்தையெல்லாம் லூடோவின் தலையில் கட்டினேன், நாமும் பதின்மூன்று வருஷம் அப்படியே ஆடினோம். பி.ஏ. படித்தவள் ஒரு தாளைப் படித்திருக்கலாம். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், எதையும் எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்லித் தந்தேன். பள்ளியில் உனக்கு மலையாளம்தான், இப்போது இதைப் படிக்கிற தமிழ் எழுத்தும் நான் சொல்லித் தந்ததே. இன்னும் எதிலெல்லாம் தப்பு செய்திருக்கிறேனோ, எதற்கெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று யோசித்தபடி இருக்கிறேன்.

போன வாரம் விஜி தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடிவிட்டு வந்து, அதுக்கு விளையாடவே அறியாதும்மா, வெட்டினா சண்டைக்குக்கூட வராது, பின்ன எதுக்கு வெட்டணும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நம் அட்டையை எடுத்தோம். நடு மடிப்பில் கிழிந்திருக்கிறது. தொலைந்த பச்சைக் காய்களுக்குப் பதிலாக நீ போட்டு வைத்த இரண்டு கிராம்பும் பெட்டியில் இருந்தன, மணம்கூடப் போகவில்லை. இனி சரியான விதிப்படி ஆடலாம் என்றேன். அப்பா விடவில்லை, அவன் இல்லாத நேரம் பாத்து சட்டத்தை மாத்துறியே, வந்தா உன்னைச் சும்மா விடுவானா என்றார். சரி, அவனும் ஆடட்டும் என்று உன் மஞ்சள் காய்களையும் அடுக்கி, உனக்காக நான் பகடை போட்டேன். ஒன்று விழுந்தது. விஜி இறக்கு இறக்கு என்று குதித்தாள், எனக்குக் கை வரவில்லை. ஊர் விதிப்படி உன் காய் உள்ளேயே இருக்க வேண்டும், நம் வீட்டு விதிப்படி வெளியே வரவேண்டும். அட்டையை அப்படியே அலமாரி மேல் தூக்கி வைத்திருக்கிறேன், யாரையும் தொடவிடவில்லை.

சுக்குப் பொடி பார்சலில் வருகிறது, இரவில் வெந்நீரில் போட்டுக் குடி, ஈரத் தலையோடு வகுப்புக்குப் போகாதே. எங்கிருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. உன் காயை இறக்குவதா வேண்டாமா என்று மட்டுமாவது ஒரு வரி எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ரோஜா