நோட்டில் இல்லாத பஸ் கதை

போன வாரம் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் நாலைந்து பிள்ளைகள், வேலை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு கார்ட்டூன் குடும்பத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்காக ஓடுகிற படமாம். எந்த எபிசோட் முதலிடம் என்பதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. ஒரு பெண் சொன்னதை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அவள் பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டி, “நீயும்தானே பார்த்தே, சொல்லுலா” என்றாள். அந்தத் தோழி உடனே, “ஆமா, நானும் பார்த்தேன்” என்றாள். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அந்தத் தோழிக்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை. உனக்கு நான் அதைச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், மூன்று வீடு தள்ளிப் பிறந்தவர்கள். நான் டவுன் பள்ளியில் மூன்றாம் படிவம், ஒன்பதாம் வகுப்பு வரை போனேன். நீ தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்று அம்மாவோடு பால்மரம் சீவப் போனாய். எழுபதுகளின் கடைசியில் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வேலைக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் ஒரே நாளில் போய் நின்றோம். ஒரே நாளில் எடுத்தார்கள். பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பற்றவைக்கும் வேலை. உன் கை நடுங்கவே நடுங்காது. என் கை நடுங்கும். என் பெட்டியில் பழுதானதை யாருக்கும் தெரியாமல் நீ எடுத்துத் திருத்தி வைப்பாய்.

நம் காலத்துக் கார்ட்டூன் வேறு. அது சனிக்கிழமை சாயங்காலம் வரும். என் அப்பா தோட்டத்து லாரி ஓட்டியதால் எங்கள் வீட்டில் டிவி இருந்தது. கறுப்பு வெள்ளை, கார் பேட்டரியில் ஓடும். படத்தில் ஒரு பஸ் டிரைவர், குட்டை, தொப்பை. அவனைவிட இரண்டு மடங்கு உயரமான பெண்டாட்டி. இரண்டு பிள்ளைகள், ஒரு வாத்து. பேச்செல்லாம் இங்கிலீஷ். உனக்குப் புரியாது. எனக்குப் பாதி புரியும். புரிந்த பாதியைச் சொல்லி, புரியாத பாதியை நானாக இட்டு நிரப்புவேன். நீ என் வாயையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாய். நான் சொன்னதில் எது படம், எது நான் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

ஃபேக்டரியில் அந்தப் படத்துக்கு ஒரு கூட்டமே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனின் கடைசி நீள மேசை நம்முடையது. வாத்து டிக்கெட் பைக்குள் முட்டையிட்ட கதைதான் சிறந்தது என்று ஒரு கட்சி. பெண்டாட்டிக்கு பஸ் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கதைதான் என்று இன்னொரு கட்சி. நம் ஃபேக்டரி பஸ் டிரைவர் அண்ணனும் வந்து உட்கார்ந்து, ஒரு டிரைவராகச் சொல்கிறேன், அந்தப் பொம்பளை கிளட்சை மிதித்த விதமே தப்பு என்பார். தீர்ப்புச் சொல்வது ஆபீஸில் வேலை செய்த ராஜேஸ்வரி அக்கா. பத்து காஜா ஊரில் இருந்து வருவார், யாழ்ப்பாணக் குடும்பம், நல்ல இங்கிலீஷ் படித்தவர். ஒவ்வொரு வாரமும் படம் முடிந்ததும் அதன் தலைப்பையும் கதையையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். நோட்டில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

அந்த வருஷம்தான் உன் அம்மா நெஞ்சில் நீர் கட்டி பத்து காஜா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒரு சனிக்கிழமை நீ அங்கே கிளம்பும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்று, “இன்னிக்குப் படத்தை ஒழுங்காப் பார்த்து வையிடீ. திங்கக்கிழமை பஸ்ல எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்” என்றாய். சரி என்றேன். நீ போன பிறகு கூட வேலை செய்யும் பிள்ளைகள் ஈப்போவுக்கு சினிமா பார்க்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். திரும்பி வரும்போது கார்ட்டூன் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்துக் காத்திருந்தாய். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அப்படியேதான் என்றாய். பிறகு, “சொல்லு” என்றாய். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் சினிமாவில் இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு கதை கட்டினேன்.

பெண்டாட்டிக்கு வீட்டு வேலை அலுத்துவிடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். வருவது புருஷன் ஓட்டும் பஸ். ஏறி, முன்பின் தெரியாதவள் மாதிரி, கடைசி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் கேட்கிறாள். அவனும் தெரியாதவன் மாதிரி கிழித்துக் கொடுக்கிறான். ஆனால் கடைசி ஸ்டாப்புக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறான். ஊரைச் சுற்றுகிறான். மற்றவர்கள் திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள். இவள் மட்டும் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவன் சுற்றிக்கொண்டே இருக்கிறான். இதைச் சொல்லும்போது ஃபேக்டரி கேட் வந்துவிட்டது. முடிவு என்ன என்று கேட்டாய். அவ்வளவுதான், சுற்றிக்கொண்டே இருக்கும்போதே படம் முடிந்துவிட்டது என்றேன். இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தாய்.

அடுத்த சனிக்கிழமை அதை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சொன்னாய். அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பக்கத்துக் கட்டில்காரி தண்ணீர் கொடுத்தாராம். அதற்குப் பிறகு நீ போகும்போதெல்லாம் உன் அம்மா முதலில் கேட்பது, “அந்தப் பொம்பள எறங்கிட்டாளா?” என்பதுதான். “இன்னும் இல்லம்மா” என்பாய். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டார். கடைசியாகப் பேசிய நாளிலும் அதையேதான் கேட்டார் என்று சொன்னாய்.

காரியம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய வாரம். உன்னைப் பேச்சுக்கு இழுக்க நினைத்து யாரோ, உனக்கு எந்த எபிசோட் பிடிக்கும் என்று கேட்டார்கள். அதுவரை நீ அந்த மேசையில் கேட்டுக்கொண்டுதான் இருப்பாய், வாயைத் திறந்ததில்லை. அன்று பஸ் சுற்றிய கதையை முழுசாகச் சொன்னாய். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாய். மேசை அமைதியாகக் கேட்டது. ராஜேஸ்வரி அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தார், திரும்பவும் முதலில் இருந்து பார்த்தார். பிறகு தன்மையாகத்தான் சொன்னார். “அப்படி ஒண்டும் வரேல்லைப் பிள்ளை. நான் ஒரு கிழமையும் விட்டதில்லை.”

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் வந்து, “படத்துல வந்துச்சா வரலையா, அதை மட்டும் சொல்லு” என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். நான், “வந்துச்சுலா. அந்த அக்கா எழுத மறந்திருக்கும்” என்றேன். உன் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது.

இன்னொன்றையும் நீ அறியமாட்டாய். ஆபீஸில் ஒரு மேசை காலியாக இருந்தது. என் பெயரைச் சொல்லப்போவதாக ராஜேஸ்வரி அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். கம்பி பற்றவைக்கும் வேலையில் இருந்து தப்பிக்க எனக்கு அது ஒன்றுதான் வழி.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நீ உட்காரவே இல்லை. நின்றுகொண்டே, நோட்டில்தான் தப்பு, என் கூட்டாளி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள் என்றாய். உன் குரல் அவ்வளவு உறுதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

பிறகு அது போதாது என்று வாயாலும் சொன்னேன். “எனக்கு ஞாபகம் இல்ல. நீ வேற எதையோ இதோட கலந்துட்டே போல.”

யாரோ சிரித்தார்கள். அம்மா போன துக்கத்தில் பிள்ளை குழம்பிப்போயிருக்கிறாள் என்று ஒருத்தி பரிதாபப்பட்டாள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. நீ உன் சாப்பாட்டுச் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு வேலை இடத்துக்குப் போனாய். அந்த வாரமே உனக்குக் ‘கடைசி ஸ்டாப்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. பஸ் அண்ணன்கூட உன்னை ஏற்றும்போது, கடைசி ஸ்டாப்புக்குத்தானே என்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

நீ என்னோடு சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ அப்படிச் செய்யவில்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸில் என்னைப் பார்த்து, “உட்காருங்க” என்றாய். மூன்று வீடு தள்ளிப் பிறந்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள், என்னை ‘நீங்க’ என்றாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் மாற்றிக்கொள்ளவில்லை. என் பெட்டியில் பழுதானவை பழுதாகவே கிடந்தன. இரண்டு மாதத்தில் எனக்கு ஆபீஸ் மேசை கிடைத்தது. நாற்காலி, மின்விசிறி, ஜன்னல் எல்லாம் இருந்தது. அந்த வருஷ முடிவில் நீ வேலையை விட்டாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளிச் சந்தையில் உன்னைப் பார்த்தேன். கையில் பெண் குழந்தை. “நல்லா இருக்கீங்களா?” என்றாய். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன். ஐந்து நிமிடம் நின்றிருப்போம். விலைவாசியைப் பற்றிப் பேசினோம்.

நான்கைந்து வருஷம் கழித்து நீ போன செய்தி வந்தது. காய்ச்சல் என்று படுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார்கள். எட்டாம் நாள்தான் எனக்குத் தெரியும். சுங்கை சிப்புட்டில் உன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். உன் வீட்டுக்காரரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பேரைச் சொன்னதும் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

“அந்த பஸ் கதை சொன்ன கூட்டாளியா?” என்றார்.

நீ அதை மகளுக்குச் சொல்வாயாம். அவருக்கும் சொல்லியிருக்கிறாய். கேன்டீனில் உன்னைப் பொய்க்காரி ஆக்கியதையும் சொல்லியிருக்கிறாய். யார் ஆக்கினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால் அவர் லாரி ஓட்டிப் போன இடமெல்லாம், ஈப்போவில், தைப்பிங்கில், வீடியோ கடைகளில் அந்தக் கார்ட்டூனைக் கேட்டு, கிடைத்த கேசட்டை எல்லாம் வாடகைக்கு எடுத்து வந்து பார்த்திருக்கிறார். மனைவி பொய் சொல்லவில்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். வாத்து முட்டை கிடைத்தது, கிளட்ச் கிடைத்தது, இது மட்டும் கிடைக்கவில்லை. இனிமேல் மகளுக்காகவாவது தேட வேண்டும், எந்த வருஷம் போட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

அவர் எதிரில், முதல் தடவையாக, சொன்னேன். “அது படத்துல வரலண்ணே. நானா கட்டிச் சொன்னது.” பிறகு மிச்சத்தையும் சொன்னேன். சினிமா போனது, தலையாட்டியது, ஆபீஸ் மேசை.

 உள்ளே உன் மகள் யாருடனோ விளையாடும் சத்தம் கேட்டது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“அவ இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமே. பஸ்ல வந்தா கால் மணி நேரந்தானே.”

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு ராஜேஸ்வரி அக்காவின் வீட்டு ஃபோன் நம்பரைத் தேடிப் பிடித்து அவரிடமும் சொன்னேன். நோட்டு நினைவிருந்தது, என்னை நினைவிருந்தது. உன்னையும் அந்தக் கதையையும் எவ்வளவு சொல்லியும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. “அதுக்கென்ன பிள்ளை, சின்ன விசயம்தானே” என்றார். அவருக்கு அது சின்ன விஷயம்தான். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது, அதனால்தான் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடிந்தது.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் சிறுசாக இருந்தபோது கதை கேட்பார்கள். வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக, இது நான் கட்டுகிற கதை, எங்கேயும் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். அம்மா ஏன் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்கிறாய், எங்களுக்குத்தான் தெரியுமே என்று சலித்துக்கொள்வார்கள். இப்போது வளர்ந்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. அலுவலகத்தில், கல்யாண வீட்டில், ஒரு வேடிக்கையைச் சொல்வதற்கு முன்னால்கூட நாக்கு தானாகவே அதைச் சொல்லிவிடுகிறது. கேட்பவர்கள் சிரித்துவிட்டு, சரி சரி, மேலே சொல்லுங்கள் என்கிறார்கள். அன்று பஸ்ஸில் உன்னிடமும் இதைச் சொல்லியிருந்தால் நீயும் அப்படித்தான் சிரித்திருப்பாய். ‘சொல்லுடீ’ என்றிருப்பாய்.