மேக்ரோவுக்கு இருபது

ஜூலை 3, வியாழன்

நர்ஸிங் பள்ளியில் இன்று ஆசிரியர்கள் எல்லோரையும் உட்காரவைத்து அந்த ஏஐ கருவியைக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் மாஸ்டர் ஒரு வரி தட்டினார். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதும் பாடக் குறிப்பு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரையில் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை வேர்த்திருந்தது.

இருபத்தாறு வருடமாக மருந்து அளவுக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம். இந்த வயதில் ஒன்றும் தெரியாதவளாக்கி மூலையில் உட்காரவைத்துவிடுவார்களோ? முதல்வர் அம்மா போகிற போக்கில், "இதைக் கத்துக்காதவங்க பின்னாடி நின்னுடுவாங்க" என்றார். பொதுவாகச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா?

ஜூலை 5, சனி

தமிழில் தட்டச்சு வரவில்லை. ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. "மைக்கை அமுக்கிட்டுப் பேசுங்க மேடம், அதுவே எழுதிக்கும்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டில் பேசிப் பார்த்தேன். எழுதிக்கொண்டது. முடிந்ததும் என்னையறியாமல் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டேன்.

இவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். "முப்பது வருஷமா காலையில டீ போட்டுக் குடுக்கறேன். எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கியா?"

சிரித்தேன். கொஞ்சம் பயம் விட்டது.

ஜூலை 8, செவ்வாய்

திங்கட்கிழமை வேறு பள்ளிகளிலிருந்து நாங்கள் கருவியைப் பயன்படுத்துவதைப் பார்க்க வருகிறார்களாம். "ட்ரிப்ஸ் கணக்குக்கு நீங்க ஒரு தாள் பண்ணிடுங்க. சீனியர் நீங்களே பண்ணினாத்தான் மத்தவங்க பண்ணுவாங்க" என்றார் முதல்வர் அம்மா. சரி என்றேன்.

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை மூலையில் நின்று போனில் பேசினேன். பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம்தான். சலைன் ஏற்றும் குழாயான ட்ரிப் செட் இரண்டு வகை. பெரிய சொட்டு விழுவது மேக்ரோ. இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. சின்னச் சொட்டு விழுவது மைக்ரோ. அறுபது சேர்ந்தால்தான் ஒரு மில்லி. எந்தச் செட் என்று தெரியாமல் சொட்டை எண்ணாதே.

கட்டம் போட்டு, நிறம் கொடுத்து, பத்து மாதிரிக் கணக்கோடு தாள் வந்துவிட்டது. என் கையால் ஒருநாளும் இவ்வளவு அழகாக வந்ததில்லை. ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை. நாற்பத்திரண்டு பிரதி எடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுத்தேன். வகுப்பே "டவுட்டு" என்று கூப்பிடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எதையும் இரண்டு தடவை கேட்காமல் விடமாட்டாள். "மேடம், இது நீங்க பண்ணதா, மெஷின் பண்ணதா?" என்றாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். மறைப்பானேன்.

ஜூலை 14, திங்கள்

வந்தவர்கள் தாளைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "இந்த வயசுல இவ்வளவு ஆர்வமா!" என்று ஒருவர். வயதை விட்டிருக்கலாம். ஆனாலும் நன்றாக நடந்தது.

நடுவில், மருத்துவமனை வார்டில் பயிற்சிக்குப் போயிருந்த டவுட்டு நடைபாதைக்கு ஓடிவந்து, செட், கவர் என்று ஏதோ ஆரம்பித்தாள். விருந்தினர்கள் நிற்கிறார்கள், முதல்வர் அம்மா முறைக்கிறார். "தாள்ல இருக்கறபடி செய். எல்லாத்துக்கும் ஓடிவராதே" என்றேன். போய்விட்டாள்.

பத்து நாள் வீணாகப் பயந்திருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில் பெரியவர். எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டிய அரை லிட்டர் சலைன் நேற்று மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிட்டதாம். ஏற்கெனவே இதயம் பலவீனம். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு திணறி, ஐசியூவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நிமிடத்துக்கு இருபத்தொரு சொட்டு போக வேண்டும். அறுபத்திரண்டு போயிருக்கிறது. வைத்தது டவுட்டு.

அறுபத்திரண்டு என்று வார்டு சிஸ்டர் சொன்னதும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கூட்டல் கழித்தல் பிழையில் அந்த எண் வராது. மைக்ரோவின் கணக்கை மேக்ரோ செட்டில் வைத்தால்தான் வரும்.

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தேன்.

மேக்ரோ — 60. மைக்ரோ — 20.

ஐயோ.

போனில் அன்று பேசியது அப்படியே இருக்கிறது. நான் சொன்னது, "மேக்ரோவுக்கு இருபது, இன்னொண்ணுக்கு அறுபது." அது எழுதிக்கொண்டது, "மைக்ரோவுக்கு இருபது, இன்னொண்ணுக்கு அறுபது." இன்னொன்று என்றால் மேக்ரோதானே என்று அதுவே நிரப்பிவிட்டது. பத்துக் கணக்கையும் அப்படியே போட்டுவிட்டது. குற்றம் என் வாயில்தான். அவசரமாகப் பேசினால் எனக்கு மேக்ரோவும் மைக்ரோவும் ஒன்றுபோலத்தான் வரும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சிரிப்பதும் தெரியும். ஆனால் வகுப்பில் செட்டைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே சொல்வேன். வாய் குழறினாலும் கை சரியாகக் காட்டிவிடும். போனுக்கு என் கை எங்கே தெரியும்?

அந்தப் பெண் கேட்கத்தானே வந்தா. செட்டு வந்த கவர்ல வேற எண் போட்டிருக்குன்னு சொல்லத்தானே ஓடிவந்தா. நான் துரத்திவிட்டேனே.

பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூலை 16, புதன்

காலையிலேயே போய் நான்கு வார்டும் சுற்றினேன். எங்கள் பிள்ளைகள் வைத்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் கீழே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சொட்டு எண்ணினேன். ஒரு அம்மா, "என்ன டாக்டரம்மா, எனக்கு எதாவது பெரிசா இருக்கா?" என்று பயந்துவிட்டார். மற்ற எல்லாம் சரியாக ஓடியது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு, "தாள்ல சின்னத் திருத்தம், பழையதை எல்லாம் வாங்கிட்டு வா" என்றேன். குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது? புதிய தாள் கொடுத்தேன். திருத்தச் சொன்னதும் கருவி வருத்தம் தெரிவித்தது. அதற்கென்ன, ஒரு வரியில் வருந்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

நாற்பத்திரண்டும் வந்துவிட்டன. டவுட்டுவை விசாரணை முடியும்வரை விடுதியிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் தாளையும் அறையிலிருந்து தலைவி எடுத்து வந்துவிட்டாள். எல்லாம் என் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

பெரியவர் இன்னும் ஐசியூவில்தான். சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பைக்குள் கைவிடவே பயமாக இருந்தது. மதியம் சாப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

விசாரணை. முதல்வர் அம்மா, வார்டு சிஸ்டர், நான். எதிரே அவள்.

"மேடம் குடுத்த தாள்ல மேக்ரோவுக்கு அறுபதுன்னு இருந்துச்சு" என்றாள்.

முதல்வர் அம்மா வேறொரு பெண்ணிடமிருந்து ஒரு தாளை வாங்கி வைத்திருந்தார். புதியது. "இருபதுன்னுதானே இருக்கு? மேடம், நீங்க குடுத்த தாள் இதுதானே?"

"ஆமா" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஓர் எழுத்துப் பிழையைக் கருவி மேல் போடலாம், வாய் மேல் போடலாம். இந்த "ஆமா"வை எதன் மேல் போடுவது?

அவள் தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன் போல" என்றாள். நடைபாதையில் என்னைக் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாளோ?

நாற்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்திகூடப் பழைய தாளை ஊன்றிப் படிக்கவில்லையா? படித்திருந்தாலும் என்னை மீறி யார் வாய் திறப்பார்கள்.

திங்கட்கிழமை அவளை நீக்கிவிடுவார்கள்.

ஜூலை 19, சனி

இவரிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "வாயைத் திறக்காதே. இன்னும் நாலு வருஷம்தான். தாள் இல்லேன்னா ஒண்ணும் இல்ல" என்றார். பையைக் கொண்டுவரச் சொன்னார். கெட்டவர் இல்லை. எனக்காகப் பயந்தார்.

ஒவ்வொன்றாகக் கிழித்தார். ஐந்தோ ஆறோ கிழித்தபின் அடுத்ததைக் கையில் எடுத்தவர் நின்றுவிட்டார். "இதுல என்னமோ எழுதியிருக்கே."

மேக்ரோ 60-க்குப் பக்கத்தில் பென்சிலில், டவுட்டுவின் சின்ன எழுத்தில்: "கவரில் 20. மேடத்திடம் கேட்கணும்." அதற்குக் கீழே ஒரு கோடு விட்டு: "கேட்டாச்சு. தாளில் உள்ளபடி."

கிழித்தவற்றைத் தரையில் உட்கார்ந்து பொறுக்கினேன். இவர் ஒட்டும் டேப்பை எடுத்து வந்து கொடுத்தார்.

ஜூலை 20, ஞாயிறு

போனில் அந்தப் பேச்சைத் திறந்து அழிக்கும் பொத்தானைத் தொட்டேன். "அழிக்கவா?" என்று கேட்டது. மூடினேன். மூன்று தடவை திறந்து மூடினேன். ஒட்டிவைத்த தாள்கள் மேசை மேல் இருக்கும்போதே.

ஜூலை 21, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன்.

முதல்வர் அம்மா அறை வாசலில் அவள் அப்பா பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "ஒரு வாய்ப்புக் குடுங்கம்மா, என் பொண்ணு கவனமான பொண்ணு" என்றார். கும்பிட்ட கையைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

தாள்களை மேசை மேல் வைத்தேன். போனையும் திறந்து வைத்தேன். நடைபாதையில் நான் சொன்னதையும் சொன்னேன். முதல்வர் அம்மா பென்சில் எழுத்தை இரண்டு முறை படித்தார்.

"கருவி தப்புப் பண்ணிச்சு, நீங்க பார்க்கல. அது சரி. வெள்ளிக்கிழமை ஏன் ஆமான்னீங்க?"

"பயம்" என்றேன். வேறு பதில் யோசித்து வைத்திருந்தேன். அதுதான் வந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏழாம் கட்டில் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மகனிடம் முதல்வர் அம்மா முன்னிலையில் நானே நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்பா போய்ச் சேர்ந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

டவுட்டுவைத் திரும்ப வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். என்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஒரு வருடம். வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதிலாக, கருவியை வைத்து யார் என்ன தாள் தயாரித்தாலும் என் கையெழுத்து இல்லாமல் மாணவிகள் கைக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. "நீங்கதான் சரியான ஆளு. உங்களுக்குத்தான் பயம் இருக்கு" என்றார் முதல்வர் அம்மா. பாராட்டா, திட்டா?

ஆசிரியர் அறையில் எனக்கு "செக்போஸ்ட்" என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். இருக்கட்டும். அவள் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறாள். வணக்கம் சொல்வதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அது பொய். தினமும் எதிர்பார்க்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மூன்று தாள்கள் வந்தன. இரண்டைத் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது, குழந்தைகளுக்கான மருந்து அளவு. நான்கு முறை படித்தேன். பிழை இல்லை. பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. "சரிபார்த்தவர்" என்ற இடத்தையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து வார்டுக்குப் போனேன். அவள் மருந்து மேசையருகே இருந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "இதைக் கொஞ்சம் பார்த்துத் தர்றியா?" என்றேன்.

தாளையும் என்னையும் பார்த்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே படித்தாள். டாக்டர் முகத்தைப் பார்க்கும் நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது கணக்கில் விரலை வைத்தாள்.

"கேள்வியில எட்டுக் கிலோக் குழந்தை, மேடம். விடையில பதினெட்டுக் கிலோன்னு வெச்சுப் போட்டிருக்கு."

நான்கு முறை படித்திருக்கிறேன். நான்கு முறையும் கண்ணில் படவில்லை. முகம் வெளுத்திருக்க வேண்டும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க மேடம். முதல்லேர்ந்து பார்ப்போம்."

உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள், நான் விரல் வைத்துக்கொண்டே வந்தேன்.