குடையில் இருந்த மாடு

அன்பு மகன் ஜெபசிங்குக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் உடம்புக்குச் சுகம்தான், மனசுதான் நேற்றிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை, கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா என்பாய், அதனால் எழுதி, நாளை தோஹா வருகிற கடையநல்லூர் உவைஸ் கையில் சிப்ஸோடு கொடுத்துவிடுகிறேன்.

ஐந்தருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கூட்டம் மழைக்கு நம் பழக்கடையில் ஒதுங்குகிறதே தவிர ஒரு ரம்புத்தான் வாங்கக் காணோம். அதில் நேற்று ஒரு சென்னைப் பையன், மேடையில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறவனாம். வேலையை விட்டது, பஸ் பிடித்தது என்று ஆரம்பித்தான், ஆளாளுக்குப் போனை எடுத்துவிட்டார்கள். அடுத்த கூட்டம் வந்ததும் அதே கதையை, "உடம்பு பூரா எண்ணெய் தேச்சு முடிச்சாங்க, திரும்பிப் பார்த்தா அருவியை மூடிட்டாங்க, இப்ப எந்த ஆட்டோலயும் என்னை ஏத்த மாட்டேங்கிறாங்க" என்று எடுத்தான், கடையே குலுங்கியது. என்னப்பா மாத்திட்டியே என்றேன். "அவங்க முகம் எங்க வாடுச்சோ அதை வெட்டிட்டேன் ஆன்ட்டி, என் மானம் போன இடத்தை முன்னால வெச்சேன்" என்றான். யாவாரம் தெரிந்த பையன்.

அதோடு என் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே தமிழ்ச் சங்கத்தில் வாசிக்கப் போகிறாயே, அப்பாவை அடக்கம் பண்ணின நாளைப் பற்றிய கதை, நீ அனுப்பிய ஆடியோவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். தைரியம் வராமல் நானே அதுவரை கேட்கவில்லை. மலை, மேகம், சாரல் என்று நீ போய்க்கொண்டே இருக்க, ஒரு பொம்பளை, "யக்கா, மழைதான் இங்கன சும்மாவே பெய்யுதே, இதை வேற கேக்கணுமாக்கும்" என்றாள். எனக்கு ரோஷம் வந்தது, ஆனால் உள்ளது அதுதான். அப்புறம் கடைசி இடம் வந்தது. லீவு கிடைக்காமல் நீ வீடியோ காலில் பார்க்க, நான் அழுகையில் கண் தெரியாமல் போனை நீட்டிக்கொண்டு நிற்க, உனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்ற செல்லப்பா மாமா குடையும் அதிலிருந்த மாட்டுத்தீவன விளம்பர மாடும். பெட்டியை இறக்கும்போது அந்த மாட்டைப் பார்த்துத்தான் அழுதேன் என்கிறாய். கடை சிரித்தது, சிரித்தபடியே அடங்கிப்போனது. அந்தப் பொம்பளை எடுத்த பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அன்றைக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சுதும்மா என்று என்னிடம் சொன்னாயே ஐயா.

ஆடியோ முடிவில், அப்பாவைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது, மாட்டை எடுத்துவிடப் போகிறேன் என்றாய். எடுக்காதே. மழையை எடு, மாட்டை முன்னால் கொண்டுவா. காகிதத்துக்குள் தலையைக் கவிழ்க்காமல் எதிரில் இருக்கிற முகத்தைப் பார்த்து வாசி. என்னை நினைத்துத் தயங்காதே, அப்பா கேட்டிருந்தால் முதல் சிரிப்பு அவர்களுடையதுதான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலிருந்து கூப்பிடுகிறேன், மறக்காமல் எடு. இந்தத் தடவை போனை நேராகப் பிடிப்பேன்.

உன் அம்மா,
ரெபேக்காள்